என் தங்கை என்னைப் பற்றிச் சொன்ன கதை

என் தங்கைக்கு வேலை, வேலை தேடி வருகிறவர்களின் கதையைக் கேட்பது. இதைச் சொன்னால் எங்கள் பட்டறையில் சிரிப்பார்கள். கதை கேட்கச் சம்பளம் தருகிறார்களா, அப்படியென்றால் என் மாமியாரை அனுப்புகிறேன், ஆனால் அவர் சொல்வாரே தவிர கேட்க மாட்டார் என்பார் எங்கள் மேஸ்திரி.  அவளுடைய அறைக்குள் போனவர்கள் எப்படிப்பட்ட முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது நான்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து என்பது எனக்கு வேலை அறிக்கையோடு சரி. எந்தப் பாகத்தைக் கழற்றினேன், எதை மாற்றினேன், எங்கே எண்ணெய் போட்டேன் என்று வரிசை தப்பாமல் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தங்கையைப் பற்றியும் அப்படித்தான் எழுதப் போகிறேன். அவளைப் பற்றி எழுதுவதென்றால் இன்னொரு பெண்ணைப் பற்றியும் எழுதியாக வேண்டும். செயற்கைக் கால் செய்யும் பயிற்சிக்கு இடம் கிடைத்தும், போவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு அந்தப் பெண் என் தங்கையிடம் வந்தாள். அவள் விஷயத்தில் நடந்ததை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், என் தங்கையே என்னை மன்னிக்க மாட்டாள்.

வீட்டில் அவளுக்குக் 'கேள்வி' என்று பெயர். வாய் முளைத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். எங்கள் அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவல்காரர். வேலை முடிந்து வந்து வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார். அவள் எதிரில் குந்திக்கொண்டு, இன்றைக்கு யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், போகும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று பிடித்துக்கொள்வாள். நான் காவல்காரனா பத்திரிகைக்காரனா என்று அப்பா அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நாள் முழுக்க அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மற்றக் குழந்தைகள் பதில் கிடைத்ததும் ஓடிவிடும். இவள் ஓட மாட்டாள். கேட்டதைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஒருமுறை, "அப்படின்னா மாமா, உங்களுக்குத் தைக்கப் பிடிக்காது, துணி வெட்டத்தான் பிடிக்கும், சரியா?" என்று கேட்டாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்ததை நான் பார்த்தேன். அதன்பிறகு தைப்பதற்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, அவர் வெட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மனநலம் சம்பந்தப்பட்ட படிப்பு. அவள் வகுப்புக்குப் போகும் நாட்களில் அப்பா உயிரோடு இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அண்ணன் என்று ஒருவன் இருந்தால் அதைச் செய்வான். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

படிப்பு முடிந்ததும் ஆட்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். பெரிய கூடம். வரிசையாகத் தடுப்பு வைத்த மேசைகள். வருகிறவர்கள் ஒரு தாளில் வட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். கூட்டத்தில் பேசப் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா என்பது போன்ற கேள்விகள். தாளை ஓர் இயந்திரத்துக்குள் விட்டால் உங்களுக்கு ஏற்ற வேலைகள் இவை என்று அது அச்சடித்துத் தரும். தாளை உள்ளே விடுவதும் வெளியே வருவதை எடுத்துக் கொடுப்பதும்தான் அவள் வேலை. போனவர்களில் பலர் மறுபடியும் அதே தாளோடு வந்து வரிசையில் நிற்பதை அவள் கவனித்தாள்.

அப்படி ஒருநாள் பள்ளிக்கூட வண்டி ஓட்டுநர் ஒருவர் வந்தார். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கிடங்குக் கணக்கர் வேலை பொருந்தும் என்று இயந்திரம் சொன்னது. அவர் தாளை மடித்து, மேலும் மடித்து, விரல்நுனி அளவுக்கு ஆக்கிவிட்டு, "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்டார்.

 அவள் பழைய வழக்கப்படி கேள்வி கேட்டாள். அந்த வண்டியில் மறக்க முடியாத நாள் எது என்றாள். அவர் ஒரு சின்னப் பையனைப் பற்றிச் சொன்னார். பள்ளி வாசல் வந்தால் இறங்க மாட்டானாம். இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைத்துவிடுவானாம். இவர் இன்ஜினை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் விரல்கள் தானாகக் கம்பியை விடும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பாராம். தாமதத்துக்காக மேலாளரிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லையாம். இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் சொன்ன சொற்களாலேயே அவருக்குத் திரும்பச் சொன்னாள். அவர் மடித்த தாளை மேசையில் வைத்தார். பிறகு, இத்தனை காலமும் தான் செய்துவந்தது வண்டி ஓட்டும் வேலை என்று நினைத்திருந்ததாகவும், பயப்படுகிற பிள்ளைகளை இறக்கிவிடுவதுதான் தன் வேலையாக இருந்திருக்கிறது என்றும் சொன்னார். அவர் இன்றைக்கு ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். அறுவைச் சிகிச்சை அறைக்குப் போகும் குழந்தைகளின் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

ஒரே ஆளோடு காலை முழுவதும் உட்கார்ந்திருந்ததற்காக இவளுக்கு நிறுவனத்தில் நல்ல மண்டகப்படி கிடைத்தது. கொஞ்ச நாளில் அங்கிருந்து விலகினாள். ஓர் அறக்கட்டளை மூன்றாவது மாடியில் அவளுக்கு அறை கொடுத்தது.

அந்த அறையில் அவள் முதலில் செய்த காரியம் மேசையை வெளியே போட்டது. இரண்டு நாற்காலிகள், அவையும் நேருக்கு நேராக இல்லாமல் ஜன்னலைப் பார்த்துச் சற்றுத் திரும்பியிருக்கும். மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு மனிதனால் உண்மை பேச முடியாது என்பது அவள் கட்சி. தாள் கிடையாது, பேனா கிடையாது. வந்தவர் தன் வாழ்க்கையில் நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்ல வேண்டும். பெருமையானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மனதில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். கேட்டு முடித்ததும் அவள் அவற்றைத் திரும்பச் சொல்வாள். இதில் அவள் வைத்திருந்த கண்டிப்பு என்னவென்றால், சொன்னவர் சொல்லாத ஒரு சொல்லையும் சேர்க்கக்கூடாது. நாங்கள் ஒரு பிரேக்கைக் கழற்றினால் அதே திருகை அதே துளையில் போடுவோமே, அதுபோல. தன் கதையை இன்னொருவர் குரலில் கேட்கும்போதுதான் தனக்கு எது முக்கியம் என்பது ஆளுக்கே பிடிபடும் என்பாள். எந்த வேலை என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஆனால் உன் வாழ்க்கையைச் சொல் என்றால் யாருக்கும் வாய் வராது. அதற்காக, கூச்சம் போக, முதலில் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தை அவள் சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். என்ன சம்பவம் என்று நான் கேட்டதில்லை. அவள் அறை விஷயம் அவள் அறைக்குள்.

அந்தப் பெண் வந்த அன்று லிஃப்ட் மூன்றாவது மாடியில் தரைமட்டத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது என்று புகார் வந்திருந்தது. சரிசெய்துவிட்டு மேலும் கீழும் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது ஒரு பெண்ணும், கூட ஓர் அம்மாளும் ஏறினார்கள். நான் கருவிப்பெட்டியோடு மூலையில் ஒதுங்கினேன். வேலை உடுப்பில் இருக்கிற ஆளை லிஃப்டின் சுவரைப் போலத்தான் பார்ப்பார்கள்.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இப்போதாவது புத்தி தெளிந்ததே என்றார். அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிற வீட்டில் மூத்தவள் பயிற்சி அது இது என்று போய்விட்டால், கல்லூரியில் சேரப்போகிற தம்பியை யார் பார்ப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க அண்ணன் எட்டாவதோட படிப்ப விட்டுட்டாராம் சித்தி" என்றாள். "நல்லாப் படிக்கிறவராம். தங்கச்சி படிக்கணும்னு அவர் வேலைக்குப் போயிட்டாராம். சொல்லும்போது அவங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"பாரு. அதுதான் கூடப் பொறந்த பாசம்."

"அப்படி ஒருத்தர் இருந்ததாலதானே அவங்க இன்னைக்கு இந்த இடத்துல இருக்காங்க. நானும் பெட்டி ஒட்டுற பேக்கிங் வேலைக்கே போறேன். தம்பி படிக்கட்டும். பயிற்சிக்கு வரலேன்னு நாளைக்குச் சொல்லிடறேன்."

கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

மூன்றாவது மாடியில் அண்ணன் உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் எட்டாவதோடு நின்ற அண்ணன் நான் ஒருவன்தான். நல்லாப் படிக்கிறவராம் என்பதைக் கேட்டிருந்தால் எங்கள் கணக்கு வாத்தியார் நாற்காலியோடு பின்னால் சாய்ந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனை பாதியில் இருக்கும் லிஃப்டை விட்டுவிட்டு ஓட முடியாது; அடுத்து ஏறுகிறவர் உயிர் அதில் இருக்கிறது. சோதனையை முடித்து, மேல்தளத்தில் மெஷின் ரூமைப் பூட்டி, கை கழுவிவிட்டு அவள் அறைக்குப் போனேன்.

அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டேன். லிஃப்டில் ஒட்டுக்கேட்டாயா என்று சிரித்தாள். என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறாளாம். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் முதலில் சொல்வது அதைத்தானாம்.

"நான் உனக்காகப் படிப்ப விடலம்மா" என்றேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவ."

"அடக்கத்துல சொல்லல. நடந்தத சொல்றேன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைக் காட்டினாள். நான் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அப்பா காவல் காத்த கட்டடத்துக்கு நான் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். ஒருநாள் லிஃப்ட் நின்றுபோய் மெக்கானிக் வந்திருந்தார். அவருடைய விளக்கைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி வரை கூடவே போனேன். மெஷின் ரூமைத் திறந்தார். பெரிய சக்கரம், அதன் பள்ளங்களில் கம்பிக்கயிறுகள், மோட்டார், பிரேக். அவர் ஒரு விசையைத் தட்டியதும் பிரேக் விட்டு, சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. எங்கோ கீழே ஆட்களோடு ஒரு பெட்டி ஏறிக்கொண்டிருப்பது இங்கே இந்தச் சக்கரத்தால்தான் என்று புரிந்தபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பைக் கட் அடித்துவிட்டு அவர் போகிற கட்டடங்களுக்கெல்லாம் போனேன். பரீட்சையில் கோட்டைவிட்டேன். அப்பா செருப்பால் அடித்தார், பிறகு கெஞ்சினார், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். நான் மசியவில்லை. அவர் தோற்றுப்போய்த்தான் என்னைப் பட்டறையில் சேர்த்தார். அப்போது இவள் பலகையில் அ எழுதிக்கொண்டிருந்தாள்.

இடையிடையே அவள் கேட்டாள். அந்த விளக்கைத் தூக்கச் சொன்னது யார், நீயாகத் தூக்கினாயா? அப்பா கெஞ்சும்போது உனக்கு என்ன தோன்றியது? நான் முடித்ததும், எல்லோருக்கும் செய்வதை எனக்கும் செய்தாள். என் கதையை என் சொற்களாலேயே திரும்பச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கே தெரியாத ஒன்று அதில் கேட்டது: இத்தனை ஆண்டுகளில் நான் ஒருநாள்கூட வேலைக்குப் போக அலுத்துக்கொண்டதில்லை.

"நீ சந்தோஷமாத்தான் போயிருக்க" என்றாள்.

"ஆமா."

 பிறகு, தனக்கு ஏழாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தபோது அம்மா தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னதாகச் சொன்னாள். உனக்காகத்தான் அவன் எண்ணெய்க் கையோடு அலைகிறான் என்றாராம். அன்றிலிருந்து அதைச் சுமந்துகொண்டுதான் படித்திருக்கிறாள். ஆட்களை அவர்களுக்கு ஏற்ற வேலையில் சேர்ப்பது என்று அவள் தேர்ந்துகொண்டதற்கும் காரணம் அதுதான். தனக்குப் பிடித்த வாழ்க்கையை விட்டுக்கொடுத்த அண்ணனைப் போல இன்னொருவர் இருந்துவிடக்கூடாது என்று. அப்படிப்பட்ட அண்ணனே கிடையாது என்று நான் இப்போது வந்து சொல்கிறேன்.

அதற்காக அவள் அழவில்லை. சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்தப் பொண்ணோட மூணாவது சம்பவம்" என்றாள்.

அந்தப் பெண் சொன்ன மூன்றும் அவளுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. முதலாவது, ஒரு கால் குட்டையான தோழியின் செருப்புக்குள் அட்டைகளை வெட்டி ஒட்டி, அவள் சாயாமல் நடக்கும்படி செய்தது. இரண்டாவது, அப்பாவுக்கு முடியாமல் போனபோது அவர் ஊன்றுகோலின் பிடியைத் துணி சுற்றி அவர் கைக்கு ஏற்றபடி மாற்றியது. மூன்றாவது, தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நாட்களில் மணி அடிப்பதற்கு வெகு முன்பாகவே போய்விடுவாளாம். பள்ளிக்கு எதிரே சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் கடை. அதன் வாசலில் நின்றுகொண்டிருப்பாளாம்.

"நான் திரும்பச் சொல்லும்போது, தம்பிக்காகச் சீக்கிரமே போய்க் காத்திருந்தீங்கன்னு சொன்னேன்" என்றாள் தங்கை. "அவ அதச் சொல்லவே இல்ல அண்ணா. சீக்கிரம் போவேன்னுதான் சொன்னா. தம்பிக்காகங்கறது என்னோடது. நான் சொன்னதும் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் தலைய ஆட்டினா. மனசு இளகிடுச்சுன்னு நெனச்சேன்."

தன் கதையிலிருந்து கழன்ற ஒரு சொல்லை அந்தப் பெண்ணின் கதையில் பொருத்திவிட்டாள். வேறு யார் செய்திருந்தாலும் அது தவறாகவே தெரிந்திருக்காது.

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் நாளைக்குச் சொல்கிறேன் என்று லிஃப்டில் சொன்னாளே தவிர, சித்தி விடவில்லை. பேருந்து நிறுத்தத்திலேயே பேச வைத்துவிட்டார். பயிற்சிக்கூடத்தில் காத்திருந்த அடுத்த ஆளுக்கு அந்த இடம் போய்விட்டது.

அன்று மாலை தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இவள் கேட்டாள். அம்மாவுக்கு முதலில் எது என்றே புரியவில்லை. புரிந்ததும் துணியை நீவிவிட்டுக்கொண்டே, "சொல்லலேன்னா நீ படிச்சிருப்பியா?" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகளை வளர்க்கிறபோது சொல்கிற ஆயிரத்தில் அதுவும் ஒன்று, அதைப் போய் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருப்பாள் என்று யார் கண்டது என்று என்னிடம் பிறகு முணுமுணுத்தார். தங்கை கோபப்படவில்லை. இனிமேல் அந்த நாற்காலியில் தான் உட்காரக்கூடாது என்று மட்டும் சொன்னாள். முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பண்ணு, நாற்காலியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் அந்தப் பெண் தனியாக வந்தாள். தங்கை சொன்னதால் நானும் இருந்தேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் திகைத்தாள்.

"நீங்க லிஃப்டுல…"

"நான்தான்மா அந்த அண்ணன்" என்றேன். "நான் நல்லாப் படிக்கிறவன் இல்ல. அத முதல்ல சொல்லிடறேன்."

அவள் உதட்டோரம் சிரிப்பு வந்து போய்விட்டது. முந்தின நாள் தங்கையிடம் சொன்னதை அவளிடமும் சொன்னேன். பிறகு தங்கை பேசினாள். தான் சொன்ன கதை தனக்குத் தெரியாமலே பொய்யாக இருந்தது என்றாள். அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று என்று சொல்லி, அந்த மூன்றாவது சம்பவத்தை மறுபடி சொன்னாள். இந்தமுறை அந்தச் சொல் இல்லாமல். சீக்கிரமே போவேன். எதிரே கடை. வாசலில் நிற்பேன். அவ்வளவுதான்.

அந்தப் பெண் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது மேடம்" என்றாள். "நான் அப்படிச் சொல்லலேன்னு. தம்பி ஞாபகமே இருக்காது அங்க நிக்கும்போது. மணி அடிச்சு அவன் வந்து கையப் பிடிச்சு இழுப்பான். ஆனா நீங்க சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு. நான் அவ்வளவு நல்லவளா இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு."

தங்கை மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய பாரம் அந்தப் பெண்ணின் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"எனக்கு அந்த இடம் வேணும்."

அன்றைக்கே பயிற்சிக்கூடத்துக்குப் போனார்கள். தலைமைப் பயிற்சியாளரிடம் நடந்ததைத் தங்கை ஒன்றுவிடாமல் சொல்லி, தவறு முழுக்கத் தன்னுடையது என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கொடுத்த இடத்தை இன்னொரு பிள்ளையிடமிருந்து பிடுங்க முடியாது, அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கட்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தங்கையை இன்னும் வாட்டியது. திரும்பி வரும் வழியில் அந்தப் பெண், எப்படியும் வீட்டுக்குச் சம்பளம் வேண்டும், அதுவரை பேக்கிங் வேலைக்குப் போகிறேன் என்றாளாம். சித்தியிடம், இது தம்பிக்காக இல்லை, அடுத்த வருஷம் வரைக்கும்தான் என்று அவளே சொல்லிவிட்டாள். சித்தி பேச்சை நிறுத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

என் தங்கை நாற்காலியை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் வருகிறவர்களிடம் தன் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் வந்தவர் உட்கார்ந்ததும், எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறாள். சிலருக்கு வாய் திறக்கவே நெடுநேரம் ஆகிறது. சிலர் அன்றைக்குப் பேசாமலே போய் இன்னொரு நாள் வருகிறார்கள். திரும்பச் சொல்லி முடித்ததும், இதில் நீங்கள் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறாள். ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று அறக்கட்டளையில் பேச்சு வந்தது. அவள் அசைந்து கொடுக்கவில்லை.

அவளுக்கும் எனக்கும் நடுவில் முதலில் ஒரு சங்கடம் இருந்தது. நான் வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு மரியாதை அவளிடம் எப்போதும் உண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. போன மாதம், "நீ கணக்குல எத்தனை மார்க்கு?" என்று என் பிள்ளைகளுக்கு எதிரிலேயே கேட்டாள். சொன்னேன். அப்படிச் சிரித்தாள். சின்ன வயதில்கூட அவள் என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை. அத்தனை நாளும் சிரிக்கக் கூச்சப்பட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷப் பயிற்சிக்கு அந்தப் பெண் விண்ணப்பித்தாள். நேர்காணலுக்குக் கூட வரட்டுமா என்று தங்கை கேட்டதற்கு, வேண்டாம் மேடம், நானே பேசிக்கறேன் என்றாளாம். இடம் கிடைத்த செய்தியைக்கூட அவள் உடனே சொல்லவில்லை. பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் போன் செய்தாள். நான் மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தக் கட்டடத்துக்கு வந்தவன், தங்கையின் அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரின் முழங்காலுக்குக் கீழே, செயற்கைக் காலுக்கு அச்சாக, மாவுக்கட்டு வார்ப்பு எடுக்கக் கொடுத்தார்களாம். எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் வைக்க வேண்டுமாம். வாயால் சொல்ல மாட்டார்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தங்கை விடாமல் கேள்வி கேட்டாள். அந்தப் பெரியவர் என்ன வேலை செய்தவர், வார்ப்பு உலர எத்தனை நேரம், முதல் தடவை கை நடுங்கியதா என்று.

அந்தப் பெண் நன்றி எதுவும் சொல்லவில்லை. தங்கையும் எதிர்பார்க்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவள் வைத்த பிறகும் தங்கை போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"ஒரு வருஷம் அவ பெட்டி ஒட்டினா அண்ணா" என்றாள்.

தம்ளரைக் கழுவி வைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டாள்.